நீண்ட ஓட்டத்தில் மனத்தைக் கூட்டிச் செல்லும் விதம்: கொழும்பில் ஓடத் தொடங்குவோருக்கு

புதிதாக ஓடத் தொடங்குகிறவர்கள் என்னிடம் சப்பாத்தைப் பற்றிக் கேட்பார்கள். கைக்கடிகாரத்தைப் பற்றிக் கேட்பார்கள். முழங்கால் தேய்ந்துவிடுமா என்று கேட்பார்கள். ஞாயிறு அதிகாலையில் இரண்டு மணி நேரம் தனியாக ஓடும்போது தலைக்குள் என்ன நடக்கும், அதை என்ன செய்வது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆனால், முதல் நீண்ட ஓட்டத்தைப் பாதியில் விட்டு முச்சக்கர வண்டியில் வீடு திரும்பியவர்களிடம் விசாரித்திருக்கிறேன். கால் முடியாமல் நின்றவர்கள் சிலர்தான். மற்றவர்களை நிறுத்தியது ஏதோ ஒரு நினைப்பு.

அந்த நினைப்புகள் கண்டபடி வருவதில்லை. எந்தக் கிலோமீற்றரில் எது வரும் என்று சில மாதங்களில் நமக்கே தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால், எதற்குக் கீழ்ப்படிய வேண்டும், எதைக் கேட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கலாம் என்று பிரிக்கப் பழகலாம். அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

நிற்காமல் 5 கிலோமீற்றர் ஓடக்கூடியவர்கள், வாரத்தில் மூன்று நாளாவது சில மாதங்களாக ஓடிவருகிறவர்கள் இதைப் பின்பற்றலாம். அந்த நிலைக்கு வராதவர்கள் முதலில் அதற்கு வாருங்கள். இருதய நோய், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், நாற்பதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்குகிறவர்களும் வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிட்டே தூரத்தைக் கூட்ட வேண்டும்.

நான் ஓடும் பாதையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். வெள்ளவத்தை புகையிரத நிலையத்தடியில் தொடங்கி, மரைன் டிரைவ் வழியே பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டிக் காலிமுகத்திடல். திடலின் நடைபாதையில் ஒருமுறை போய் வந்து, விகாரமகாதேவிப் பூங்காப் பக்கமாகச் சுதந்திர சதுக்கம். அங்கிருந்து பௌத்தாலோக மாவத்தையில் பம்பலப்பிட்டிக்கு இறங்கி, மறுபடியும் மரைன் டிரைவில் வீடு. ஏறத்தாழ 14 கிலோமீற்றர். இதை முதல் வாரமே ஓட வேண்டாம். கொள்ளுப்பிட்டி நிலையத்தில் திரும்பினால் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் ஆகும், அந்தத் தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

1. சனிக்கிழமை மாலை

அதிகாலை 4.30 க்கு விழிக்கும் மனத்தைப் போல வாதாடத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. மழை வரும் போல் இருக்கிறது, நேற்று நித்திரை போதவில்லை, அடுத்த ஞாயிறு இரண்டு மடங்காக ஓடலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். ஆகவே அந்த நேரத்தில் அதனிடம் கேட்டுத் தீர்மானிப்பதற்கு எதையும் மிச்சம் வைக்காதீர்கள். சட்டை, மேசு, சப்பாத்து, கேற் திறப்பு, தண்ணீர்ப் போத்தல், நாலு பேரீச்சம்பழம், திரும்பி வர ஓட்டோக் காசு எல்லாம் இரவே ஒரு கதிரையில் இருக்கட்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். தொடையும் அக்குளும் உரசும் இடங்களில் வாஸ்லின் பூச மறக்க வேண்டாம். 10 கிலோமீற்றருக்குப் பிறகு வேறெதையும் நினைக்கவிடாமல் செய்வது அந்த எரிச்சல்தான்.

இரவுக்குச் சோறோ இடியப்பமோ, உறைப்புக் குறைவாக. விடிய ஒரு வாழைப்பழம், பனங்கட்டியோடு ஒரு பிளேன் டீ. இதைத் தவறவிட்டு நான் பட்டதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலை முடிந்து மாலையில் நீண்ட ஓட்டம் ஓடலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விடயம். 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், 90 நிமிடங்கள் கணினியின் முன் கூர்ந்த கவனம் தேவைப்படும் வேலை செய்தவர்கள், அதன் பிறகு சைக்கிள் மிதித்தபோது வழக்கத்தைவிட முன்னதாகவே களைத்து நின்றார்கள். அவர்களுடைய இதயத்திலோ தசையிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இருக்கவில்லை. அதே உழைப்பு அவர்களுக்குக் கூடுதல் கடினமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். நாள் முழுவதும் கணக்குப் பார்த்துவிட்டு ஓடப் போகிறவர் அந்தக் களைப்பையும் சுமந்துகொண்டே ஓடுகிறார். நான் ஞாயிறு காலையை விட்டுக்கொடுக்காததற்கு வெயிலைவிட இதுவே பெரிய காரணம்.

2. பம்பலப்பிட்டி வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள்

5 மணிக்குத் தொடங்குங்கள். கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் 6 மணியை ஒட்டியே உதிக்கிறது. மரைன் டிரைவில் உயர்ந்த கட்டடங்கள் கிழக்குப் பக்கம் நிற்பதால் விடிந்த பிறகும் சிறிது நேரம் நிழல் கிடைக்கும். வெப்பம் குறைந்த அந்த நேரத்திலும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும்; உடல் எளிதில் குளிராது. நுவரெலியாவில் ஓடிப் பழகிய வேகத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் நினைப்பு இரண்டாவது ஒழுங்கையைத் தாண்டும்போதே வந்துவிடும்: "இன்று முடியாது." மூச்சு வாங்கும், கால் கட்டை போல இருக்கும், இன்னும் 13 கிலோமீற்றர் என்ற கணக்கு நெஞ்சில் ஏறி உட்காரும். இந்த நினைப்பை நம்பவே கூடாது. ஓடத் தொடங்கியதும் தசைகள் கேட்கும் ஒட்சிசனை இதயமும் நுரையீரலும் உடனே கொடுத்துவிடுவதில்லை; அவை ஈடுகொடுக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். மூட்டுகளும் தசைகளும் சூடேற 10, 15 நிமிடங்கள் போகும். அதுவரை வரும் முறைப்பாடு முழு ஓட்டத்தைப் பற்றியதல்ல, அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியது. எனக்கு நானே வைத்த சட்டம் இது: பம்பலப்பிட்டி நிலையம் வரும்வரை எந்த முடிவும் இல்லை. அதுவரை 2 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அங்கே வந்த பிறகும் முடியாது என்று தோன்றினால் திரும்பிவிடலாம். நான் அப்படித் திரும்பியது மிகச் சில நாட்கள். அவற்றில் ஒருநாள் மாலையில் எனக்குக் காய்ச்சல் வந்தது.

வேகத்துக்கு ஒரு சோதனை உண்டு. சிறு வயதில் மனப்பாடம் செய்த ஏதாவது பாட்டின் இரண்டு வரிகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம். நீண்ட ஓட்டம் முழுவதும் அந்த இரண்டு வரிகளைச் சொல்ல முடிய வேண்டும்.

இரண்டாவது நினைப்பு பெண்களுக்கு நன்றாகவே தெரிந்தது: யார் பார்க்கிறார்கள். வெள்ளவத்தையில் பால் வாங்கப் போகிறவர், கோவிலுக்குப் போகிறவர், பல்கனியில் நின்று தேநீர் குடிப்பவர் எல்லோரும் தெரிந்த முகங்கள். நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளின் தாய், களிசானோடு தெருவில் ஓடுகிறாள் என்று பேசுவார்களே என்ற கூச்சம் எனக்கு முதல் இரண்டு மாதங்கள் இருந்தது. அதை விரட்ட முடியவில்லை. எதிரே வந்தவர்களுக்கு ஒரு தலையசைப்போ "காலை வணக்கம்" என்ற ஒரு சொல்லோ கொடுக்கத் தொடங்கினேன். மூன்றாவது வாரம் அவர்களே முதலில் தலையசைத்தார்கள். பார்வையாளர்களாக இருந்தவர்கள் அறிமுகமானவர்கள் ஆகிவிட்டார்கள். வெளிச்சம் வருவதற்கு முந்திய ஒரு மணி நேரம் மட்டும் ஒரு துணையோடு ஓடுங்கள். தனியாக ஓடினால் காதில் எதையும் மாட்ட வேண்டாம்.

3. நடுப்பகுதி: மனத்தை மேயவிடுங்கள், ஆனால் கட்டிக் கூட்டிவாருங்கள்

பம்பலப்பிட்டி தாண்டியதும் ஒரு மாற்றம் வரும். மூச்சு ஒரு தாளத்தில் விழும். இடப்பக்கம் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். முதல் புகையிரதங்களில் ஒன்று கடந்து போகும். அப்போதிலிருந்து காலிமுகத்திடல் வரை மனம் தன் இஷ்டத்துக்குப் போகும். இதற்காகவே நான் ஓடுகிறேன் என்று சொன்னால் அது மிகையல்ல.

ஓடுகிறவர்கள் உயர்ந்த சிந்தனைகளில் திளைப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், நீண்ட தூரம் ஓடும் பத்துப் பேருக்கு ஒலிவாங்கி மாட்டி, நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். அதிகமாக வந்தது வேகமும் தூரமும். அடுத்து வலியும் அசௌகரியமும். அதற்கு அடுத்துத்தான் மரமும் வெயிலும் வழியில் போகிறவர்களும். என் தலைக்குள் வருவதும் இதே சாதிதான். எத்தனை மணி ஆகிறது, வலது மேசு மடிந்துவிட்டதா, மீன் வாங்க வேண்டும், மகளின் பாடசாலைக் கட்டணம், ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவோடு போன மாதம் வந்த மனஸ்தாபம். இடையிடையே, எதிர்பாராத இடத்தில், அப்பா வருவார். அவர் இறந்து ஏழு வருடங்கள் ஆகின்றன. வீட்டில் அவரை நினைக்க நேரமே கிடைப்பதில்லை. கொள்ளுப்பிட்டிக்கு முன் அந்த நீண்ட நேர்ப்பாதையில் மட்டும் அவர் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடப்பது போல் இருக்கும். கண் கலங்கினாலும் வியர்வையில் யாருக்கும் தெரியாது. இப்படி ஏதாவது வந்தால் தடுக்காதீர்கள். அதற்கு இடம் கொடுப்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் முழுவதுமாகப் போகவிடவும் கூடாது. 1977 இல் வெளியான ஓர் ஆய்வு, முதல்தர மரதன் ஓட்டக்காரர்கள் ஓடும்போது பெரும்பாலும் தங்கள் உடலையே கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றது. சாதாரண ஓட்டக்காரர்கள் வலியை மறக்க மனத்தை வேறெங்கோ அனுப்பிவிடுகிறார்கள். தொடக்க நிலையில் இரண்டும் கலந்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒவ்வொரு புகையிரத நிலையத்தையும் ஒரு மணியோசையாக வைத்துக்கொண்டேன். நிலையம் கண்ணில் பட்டதும் மனத்தை உடலுக்குத் திருப்பி, மேலிருந்து கீழாக ஒரு பார்வை: தாடை இறுகியிருக்கிறதா, தோள் காதுவரை ஏறிவிட்டதா, கை முட்டி பிடித்திருக்கிறதா, மூச்சு எப்படி, காலடிச் சத்தம் கனத்துவிட்டதா. அரை நிமிடம் போதும். பிறகு மேய்ச்சலுக்கு அனுப்பிவிடலாம். நிலையங்கள் இல்லாத பகுதியில் பூங்கா வாசல், சுதந்திர சதுக்கம், பௌத்தாலோக மாவத்தையில் வரும் தும்முல்லச் சந்தி.

சந்திகளில் மட்டும் மேய்ச்சல் கூடாது. ஞாயிறு காலையில் வீதி வெறுமையாக இருக்கிறது என்பதாலேயே பஸ்கள் பறக்கும். கடவைக்கு இருபது அடி முன்பே நினைவைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நடைபாதை உடைந்திருக்கிறதே என்று தண்டவாளத்தில் ஏறி ஓடவும் வேண்டாம். கடலின் இரைச்சல் பின்னால் வரும் புகையிரதத்தின் ஓசையை மூடிவிடும்.

4. காலிமுகத்திடலில் ஒரு நிறுத்தம்

இங்கே ஒரு நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்து, இரண்டு பேரீச்சம்பழம் சாப்பிடுங்கள். நிற்பது தோல்வி என்று யாரோ புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், அது தவறு.

இந்த நடைபாதையை 1859 இல் கட்டி முடித்தவர் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட். கொழும்பின் பெண்கள், குழந்தைகளின் நலன் கருதி இதைப் பேண வேண்டும் என்று தனக்குப் பின் வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்ளும் ஒரு கல் அங்கே இருக்கிறது. அந்தக் கல்லை முதன்முறை நின்று வாசித்த நாளில், யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் பாதி என்னை விட்டுப் போனது.

5. பேரம் தொடங்கும் இடம்

சுதந்திர சதுக்கத்தை விட்டு இறங்கும்போது பத்துக் கிலோமீற்றர் தாண்டியிருக்கும். வெயில் ஏறியிருக்கும். இங்கேதான் புதியவர்கள் நிற்கிறார்கள். மனம் இப்போது கெஞ்சாது, நியாயம் பேசும். "பத்து ஓடியதே பெரிய விடயம்." "இதனால் யாருக்கு என்ன பயன்?" "வீட்டில் பிள்ளைகள் சாப்பிடாமல் இருக்கும்."

முதலில் அது உண்மையில் உடல் பேசுவதா என்று பார்க்க வேண்டும். இரண்டு தொடைகளிலும் ஒரேயளவு கனம், வேகத்தைக் குறைத்தால் தணியும் நோவு, இடம் மாறி மாறி வரும் பிடிப்பு ஆகியவை களைப்பு. அவற்றோடு ஓடலாம். ஒரு பக்கம் மட்டும், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், ஓட ஓடக் கூடிக்கொண்டு போய் நம்மை நொண்ட வைக்கும் வலி காயத்தின் அறிகுறி. நடையாக மாற்றி ஓட்டோவில் ஏறுங்கள். நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்று, வெயிலில் குளிர்நடுக்கம், வாந்தி, எந்த வீதியில் நிற்கிறோம் என்ற குழப்பம் இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று, நிழலில் உட்கார்ந்து, அருகில் நிற்பவரைக் கூப்பிடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். இதில் வீரம் பார்க்க இடமில்லை.

உடல் அல்ல என்றால், அடுத்த சந்தேகம் பசி. இதைக் கற்றுக்கொண்டது ஒரு ஏப்ரல் மாதத்தில். எழும்பப் பிந்திவிட்டதால் வெறும் தண்ணீரோடு ஓடப் போனேன். தும்முல்லச் சந்தி தாண்டியபோது தலைக்குள் கறுப்பாக ஏதோ கவிழ்ந்தது. ஓட்டம் எனக்குச் சரிவராது என்று தொடங்கி, வேலையை விட்டுவிட வேண்டும், அண்ணாவோடு இனிமேல் பேசுவதில்லை, நான் ஒரு நல்ல தாயே அல்ல என்பதுவரை இருபது நிமிடத்தில் போய்விட்டேன். பம்பலப்பிட்டியில், கதிரேசன் கோவிலுக்குச் சற்றுத் தள்ளி, வீதியோரத்தில் உட்கார்ந்து அழுதேன். கோவிலிலிருந்து வந்த ஒரு முதியவர் நின்றார். "பிள்ளை, காலையில் ஏதும் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை ஐயா என்றேன். அர்ச்சனைத் தட்டத்திலிருந்த இரண்டு வாழைப்பழங்களையும் எடுத்து என் கையில் வைத்துவிட்டு, நான் முதலாவதைச் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். கால் மணி நேரத்தில் வேலையும் அண்ணாவும் பிள்ளைகளும் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாச்சத்து நல்ல உழைப்பில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரவு முழுவதும் சாப்பிடாமல் இருந்து, காலையிலும் சாப்பிடாமல் ஓடினால் ஈரலில் இருப்பது இன்னும் முன்னதாகக் குறையும். மூளை முதன்மையாக நம்பியிருப்பது இரத்தத்திலுள்ள சர்க்கரையை. 2004 இல் வெளியான ஒரு சோதனையில், மாச்சத்துக் கரைசலால் வாயைக் கொப்புளித்துத் துப்பியவர்கள்கூட, விழுங்காமலே, ஒரு மணி நேர சைக்கிள் சோதனையில் ஏறத்தாழ 3 வீதம் முன்னேறினார்கள். மாச்சத்து வருகிறது என்ற செய்தி நாக்கிலிருந்து போனதுமே மூளை தன் பிடியைக் கொஞ்சம் தளர்த்துகிறது போலும். ஆகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால், மணிக்கு 30 கிராம் மாச்சத்தாவது உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராமுக்கு அண்மையில் இருக்கிறது. பனங்கட்டித் துண்டும் நன்றாக வேலை செய்யும். பசித்த பிறகல்ல, 40 ஆவது நிமிடத்திலேயே தொடங்குங்கள். தண்ணீரை மிடறு மிடறாகக் குடியுங்கள். பயத்தில் போத்தல் போத்தலாக வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து அதுவே ஆபத்தாகும். வழியில் செவ்விளநீர் கிடைத்தால் அதைக் குடியுங்கள்.

வயிறும் சரி, காலும் சரி, இன்னும் பேரம் தொடர்கிறது என்றால்தான் வார்த்தைகளின் வேலை. 2014 இல் வெளியான ஓர் ஆய்வில், தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஊக்க வார்த்தைகளை இரண்டு வாரங்கள் பயின்றவர்கள் களைத்து நிற்கும்வரை சைக்கிள் மிதித்த நேரம் 18 வீதம் கூடியது. வார்த்தைகளை அவரவரே தேர்ந்துகொண்டார்கள். ஆகவே கடன் வாங்காதீர்கள். "உன்னால் முடியும்" என்பது எனக்குப் பலிக்கவில்லை. அந்த நேரத்தில் அது பொய்யாகத் தெரிந்தது. எனக்குப் பலித்தது, "அடுத்த விளக்குக் கம்பம்." அங்கே போனதும் அடுத்தது. இன்னொன்று, என் அம்மா தண்ணீர்க் குடத்தோடு நடக்கும்போது தனக்குத்தானே சொல்லும் "இந்தா வந்தாச்சு." அதைச் சொன்னால் தோள் தானாக இறங்குகிறது. உங்கள் வீட்டில் யாராவது சிரமமான வேலையின்போது முணுமுணுத்த ஒரு சொல் இருக்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை இன்னொரு தொல்லை. தென்மேற்குக் காற்று கடலிலிருந்து வீசும். மரைன் டிரைவில் தெற்கு நோக்கித் திரும்பும்போது, களைத்த கடைசிக் கிலோமீற்றர்களில், முகத்தில் அடிக்கும். அந்த மாதங்களில் முதலில் தெஹிவளைப் பக்கம் ஓடி, காற்று முதுகில் பட வீடு திரும்பும் விதமாகப் பாதையை மாற்றிக்கொள்கிறேன். ஒக்டோபர், நவம்பரில் இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில்தான் என்றாலும், வானம் முழங்கினால் ஓட வேண்டாம்.

6. வீட்டுக்கு முந்திய ஒழுங்கைகள்

கடைசி இரண்டு கிலோமீற்றரில் மனம் உங்களுக்கு முன்னே ஓடி வீட்டுக்குள் போய்விடும். குளிப்பது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம் தெரியும். வேகம் தானாகக் கூடும். கூட்டாதீர்கள். தடுக்கி விழுவதும் கெண்டைக்கால் பிடிப்பதும் இந்த நேரத்தில்தான் அதிகம். கடைசி ஐந்நூறு மீற்றரை நடந்து முடியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சோறோ முட்டையோடு பாணோ ஏதாவது வயிறாரச் சாப்பிடுங்கள்.

7. கொப்பி

சப்பாத்தைக் கழற்றும் முன்பே மூன்று வரிகள் எழுதுங்கள்: எங்கே நிற்க நினைத்தேன், என்ன சொல்லி மனம் கேட்டது, அதற்கு முன் கடைசியாக எப்போது சாப்பிட்டேன். நாலைந்து வாரங்களில் உங்களுடைய சொந்த வரைபடம் கிடைக்கும். எனக்குத் தும்முல்லச் சந்தி. உங்களுக்குக் கொள்ளுப்பிட்டியாக இருக்கலாம். இடம் தெரிந்தால் அதற்கு ஐந்து நிமிடம் முன்பாகவே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுவிடலாம்.

தூரத்தை வாரத்துக்கு ஒரு கிலோமீற்றர், மிஞ்சினால் ஒன்றரை என்று கூட்டுங்கள். நான்காவது வாரம் மூன்றிலொரு பங்கைக் குறைத்துவிடுங்கள். குறைத்த வாரத்திலும் கொப்பி எழுத வேண்டும்.

என் கொப்பியில் அந்த ஏப்ரலுக்கு அடுத்த ஞாயிறு இப்படி இருக்கிறது: "9 கி.மீ. தும்முல்லவுக்குப் போகவில்லை. கொள்ளுப்பிட்டியில் ஒருமுறை நிற்க நினைத்தேன், மேசு நனைந்ததால். 5.40 க்கு வாழைப்பழம். திரும்பும்போது அந்த ஐயாவைக் காணவில்லை. அடுத்த வாரம் 10."